வெயில் வேறு, உலர்ச்சி வேறு

விளைவிப்பது ஒரு கலை. விளைந்ததைக் கெடாமல் காப்பது மற்றொரு கலை. முன்னதைப் பற்றி நம் இலக்கியங்களும் வரலாற்று நூல்களும் விரிவாகப் பேசுகின்றன. ஏரும் எருதும், ஏரியும் வாய்க்காலும் புலவர் பாடும் பேறு பெற்றன. பின்னதோ, முற்றத்தில் பெண்டிர் செய்யும் எளிய வேலை என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும், அறுவடை செய்த பொருளைக் காய வைக்கத் தெரியாத மக்கள் ஓர் ஆண்டின் விளைவை மறு ஆண்டுவரை வைத்து உண்டிருக்க முடியாது. மனிதன் ஊராகக் கூடி வாழ்ந்த வரலாற்றில் களத்துக்கு எவ்வளவு இடமுண்டோ, அவ்வளவு இடம் காய்ந்த களஞ்சியத்துக்கும் உண்டு.

கரிகாற் பெருவளத்தானைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பட்டினப்பாலையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தைக் காட்ட ஒரு காட்சி அமைக்கிறார். முற்றத்தில் காயும் உணவுப் பொருளைக் கவர வந்த கோழியை, காவலிருந்த பெண் தன் காதிலிருந்த பொற்குழையை எறிந்து ஓட்டுகிறாள். அக்குழை சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. இப்பகுதியை வகுப்பில் நடத்தும் ஆசிரியராகிய நாம் குழையின் பொன்னையே மாணவர்க்குக் காட்டுகிறோம். கோழி எதற்காக வந்தது என்பதைக் காட்டுவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் பெண்டிர் வெயிலைக் கொண்டு உணவைக் காத்தனர் என்பதற்கு அக்கோழியே சான்று.

நம் மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. காய்தல், உலர்தல், உணங்கல், வற்றல், வாடல் எனத் தமிழில் நீர் நீங்குதலைக் குறிக்கும் சொற்கள் பல. வெயிலில் இட்ட தானியம் காயும்; கழுவிய துணி உலரும்; கத்தரியும் சுண்டையும் வற்றலாகும்; மீன் கருவாடாகும்; தேங்காய் கொப்பரையாகும். இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்க நாம் ஒருப்படுவதில்லை. ஒரு தொழிலில் நெடுங்காலம் பழகிய மக்களிடமே இத்தகைய நுண்ணிய வேறுபாடு பிறக்கும்.

காய்ந்த சரக்கால் வளர்ந்த துறைமுகம்

இனி நாம் வாழும் மலாக்காவுக்கு வருவோம். 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கைப்பற்றுவதற்கு முன்னரே, குசராத்தியர், தமிழர், சாவகர், சீனர் முதலான பல நாட்டு வணிகர் கூடிய பெருந்துறை இது. இங்கே கைமாறிய சரக்குகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மொலுக்குத் தீவுகளின் கிராம்பு, பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் சாதிபத்திரியும், சுமத்திராவின் மிளகு. இவை யாவும் காய்ந்த பொருள்களே. கிராம்பு என்பது மலர்வதற்கு முன் பறித்துக் காய வைத்த மொட்டு. கருமிளகு என்பது பச்சையாகப் பறித்த காய் வெயிலில் கிடந்து தோல் கறுத்துச் சுருங்கியது. மாதக் கணக்கில் கடலில் செல்லும் கப்பலில் ஈரச் சரக்கு ஏறினால், கரை சேர்வது பூஞ்சணமே. ஆதலின், உலகம் போற்றிய மலாக்கா வாணிகத்தின் முதற் பட்டறை துறைமுகமன்று; தொலைவில் இருந்த சிறு உழவனின் முற்றமே எனலாம்.

அம்மரபு இன்றும் முற்றும் அற்றுவிடவில்லை. கடலோரத்தில் கெராகாவ் என்னும் சிற்றிறாலை உப்பிட்டு, காய வைத்து, இடித்துப் பெலாச்சான் செய்கின்றனர். உள்நாட்டுக் கம்பங்களில் அசாம் கெலுகோர்க் காயைச் சீவி வெயிலில் பரப்புகின்றனர். நம் வீடுகளிலோ வடகமும் மோர்மிளகாயும் தகரக் கூரைமீது ஏறுகின்றன.

பாய் வந்தது; வறண்ட காற்று வரவில்லை

ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தபோது, தங்கள் உணவுப் பழக்கங்களை உடன் கொணர்ந்தனர். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் பலர். 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கங்காணி வழியாக ஆள் கொணர்வது 1938ஆம் ஆண்டில் முடிவுற்றது. இவ்வாண்டுகளுக்குள் வந்தவர்களே இன்றைய தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் மூதாதையர். அவர்கள் லயத்து வாசலில் பாயை விரித்து, ஊரில் செய்தது போலவே மிளகாயையும் தானியத்தையும் காய வைத்தனர். ஆனால் ஊரில் மூன்று நாளில் சலசலவென்று ஒலித்த மிளகாய், இங்கே ஒரு வாரமாகியும் தோல்போல் மடங்கியது.

இதற்குக் காரணம் யாது? சூரியன் ஒன்றே. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளதால் வெயிலுக்குக் குறைவில்லை. வேறுபட்டது காற்று. சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டு உள்மாவட்டங்களில் வீசும் காற்று வறண்டது; எதிர்ப்பட்ட ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மலாக்காவின் காற்றோ ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்தது. அதன் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு 80 அளவில் நிற்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். போதாக்குறைக்குப் பிற்பகலில் இடியுடன் ஒரு மழை. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற இயலாதது போல், ஈரம் நிறைந்த காற்று மிளகாயின் ஈரத்தை ஏற்பதில்லை. நம் முன்னோர் பாயைக் கொண்டு வந்தனர். வறண்ட காற்றைக் கொண்டு வர முடியவில்லை.

1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சியில் அரிசி கிட்டாமல், மரவள்ளிக் கிழங்கே மக்களின் உணவாயிற்று. என் பாட்டியார் அக்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது பசியைவிட மழையையே அதிகம் ஏசுவார். சீவிக் காய வைத்த கிழங்கு மாவாக இடிபடுமுன் மழை வந்துவிட்டால், குழந்தைகளின் மறுவாரச் சோறு போயிற்று என்று பொருள். கூரைமேல் மழைத்துளி விழும் ஓசை கேட்டதும், பெரட்டுக் களத்தில் நிற்பவரும் வரிசையை விட்டு ஓடிவர நினைப்பார்களாம். உலர்த்துவது அன்று பொழுதுபோக்கன்று. உயிர் காக்கும் தொழில்.

பால்மரம் வைத்த புதிர்

மலாக்காவில் உலர்த்தும் தொழிலுக்குப் பெரிய சோதனை ரப்பரால் வந்தது. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து விக்கம் என்னும் ஆங்கிலேயர் கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877ஆம் ஆண்டில் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி என்பார் இம்மரத்தை நடுமாறு தோட்டக்காரர்களை விடாது வற்புறுத்தினார். அவர் சொல்லைக் கேட்டு, மலாக்காச் சீனப் பெருமகனார் தான் சாய் யான் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்று மலாக்காவில் தோன்றிய வரலாறு இதுவே. அதுவரை இந்நிலத்தில் மரவள்ளியே பெரும்பயிர்.

மரவள்ளிச் சீவலுக்கு வெயில் நண்பன். பால்மரத்துக்கு அப்படியன்று. பாலை வடிகட்டி, நீர் கலந்து, பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பர். உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே விட்டு மெல்லிய தகடாக்குவர். தோட்டத்தில் ‘ஷீட்’ என்று வழங்கும் அத்தகட்டில் கோடுகள் அழுந்தியிருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், காற்றுப்படும் பரப்பு மிகவும் அக்கோடுகள் உதவும். இத்தகட்டை நேர் வெயிலில் நெடுநேரம் போட்டால் ஒளியும் உயிர்வளியும் சேர்ந்து ரப்பரைச் சிதைக்கும், மேற்பரப்பு பிசுபிசுக்கும். நிழலில் தொங்கவிட்டாலோ, நம் ஈரக்காற்றில் அது காயுமுன் பூஞ்சணம் பூக்கும்.

இப்புதிருக்குத் தோட்டங்கள் கண்ட விடை புகைக்கூடம். மூடிய கூடத்தில் விறகு எரித்து, 50, 60 பாகை வெப்பத்தில் நான்கைந்து நாள் தகடுகளைத் தொங்கவிட்டனர். வெப்பம் ஈரத்தை நீக்கியது. புகையில் உள்ள பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன. வெண்தகடு தேன் நிறம் பெற்றது. அமேசான் காட்டு மக்கள் புகையில் காட்டியே ரப்பரைத் திரட்டினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பெருந்தோட்டத்துக்குப் புகைக்கூடம் இருந்தது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரருக்கு? என் மாமன் ஒருவர் அத்தகையவர். வீட்டோரம் கழிமேல் தகடுகளைத் தொங்கவிட்டு, வெயில் ஏறினால் நிழலுக்கும், மழை வந்தால் திண்ணைக்கும் மாற்றுவார். “வெயில் பட்டால் பால் செத்துப் போகும், நிழலில் கிடந்தால் பூத்துப் போகும்” என்பார். வாங்கும் வியாபாரி தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஈரம் என்று எடையில் ஒரு பங்கைக் கழிப்பார்; பூஞ்சணம் என்று விலையில் ஒரு பங்கைக் கழிப்பார். மரம் சீவிய உழைப்பு ஒன்றே. உலர்த்தும் வசதியின்மையால் கூலி குறைந்தது. 1965ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர் என்னும் திட்டம் வந்தபின், ஆலையில் கட்டிகளாகச் செய்யும் முறை பரவிப் புகைக்கூடங்கள் பல ஓய்ந்தன. ஆனால் அவை விட்டுச் சென்ற பாடம் ஓயவில்லை. சூரியனின் வெப்பம் வேண்டும், அதன் ஒளியும் திறந்த வெளியின் ஈரமும் வேண்டா என்பதே அப்பாடம்.

பெட்டிக்குள் அடைபட்ட வெப்பம்

வெப்பத்தை ஒளியினின்றும் வெளிக்காற்றினின்றும் பிரித்தெடுக்க இயலுமா? இயலும் என்று அறிஞர் காட்டினர். 1767ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர் தெ சோசூர் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து வெயிலில் நிறுத்தினார். பின்னர் அவர் திருத்தியமைத்த பெட்டியில் வெப்பம் தண்ணீர் கொதிக்கும் நிலையையும் கடந்தது. வெயில் கண்ணாடி வழியே எளிதில் புகும். உள்ளே மாறிய வெப்பம் எளிதில் வெளியேறாது என்பதே இதன் உண்மை.

இதனை ஏழை உழவர்க்குப் பயன்படுத்தும் முயற்சி இருநூறு ஆண்டுகள் கழித்தே வலுப்பெற்றது. 1959ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிரேஸ் ஆய்வு நிலையம் வறண்ட நாடுகளின் சிற்றூர்களுக்காக எளிய உலர்த்தும் பெட்டியை வடிவமைத்தது. அதுபற்றி லாவந்து என்பவரின் கட்டுரை 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம்மைப்போல் ஈரக்காற்றில் வாழ்வோர்க்கு நெருக்கமான முயற்சி பாங்காக்கில் நடந்தது. ஆண்டுக்கு இருபோகம் விளையத் தொடங்கியதும், ஒரு போக அறுவடை மழைக்காலத்தில் வந்து விழுந்தது. ஆசியத் தொழில்நுட்பக் கழகத்து எக்செல் என்பாரும் துணைவரும் 1970களின் பிற்பகுதியில் மூங்கிலும் நெகிழித் தாளும் கொண்டு நெல் உலர்த்தி ஒன்றை அமைத்தனர். கறுத்த உமிச் சாம்பல் பரப்பிய தரையில் காற்று சூடேறும். மூங்கிற் பரணில் பரப்பிய நெல்லின் ஊடே மேலெழும். உயர்ந்த புகைபோக்கி வழியே ஈரத்தைச் சுமந்து வெளியேறும். விசிறியில்லை, மின்சாரமில்லை.

என் மாமனின் புதிருக்கும் விடை வந்தது, அவர் காலத்துக்குப் பின். சிறு தோட்டங்களில் ரப்பரை உலர்த்துவதற்கு, வெயிலின் வெப்பமும் விறகும் இணைந்த புகைக்கூடம் ஒன்று இந்தோனேசியாவில் ஆராயப்பட்டு, 1993ஆம் ஆண்டில் ஆய்விதழில் வெளியாயிற்று. நம் நாட்டில், 2005ஆம் ஆண்டில் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம் இத்துறையில் உழைத்துவருகிறது. அப்பல்கலைக்கழகத்தார் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 80 பங்கு ஈரம் கொண்ட சிவப்பு மிளகாய் 10 பங்கு ஈரத்துக்கு வர, சூரிய உலர்த்தியில் 33 மணி நேரமும் திறந்த வெயிலில் 65 மணி நேரமும் ஆயின. காலம் பாதியாகக் குறைந்ததென்றால், மழை வந்து கெடுக்கும் வாய்ப்பும் பாதியாகக் குறைந்ததென்று கொள்க.

கணக்கு ஒன்று காட்டி இதனை விளக்கலாம். 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள நம் காற்றை ஈரம் சேராமல் 45 பாகைக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 35 ஆகக் குறையும். அதாவது, மலாக்காவின் காற்றே பெட்டிக்குள் கோடைக்காலச் சேலத்துக் காற்றாக மாறுகிறது! இன்னொரு கணக்கு: இந்நாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாள் ஒன்றுக்கு விழும் வெயில் சராசரி 4 முதல் 5 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் கிலோவாட் மணி வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெப்பமே பயன்பட்டாலும், ஒரு சதுர மீட்டர் பெட்டி நாளைக்கு இரண்டு லிட்டர் நீரை நீக்கும்.

எங்கள் பள்ளியில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளி மாணவர் பழைய பலகையும் கறுப்புச் சாயம் பூசிய தகரமும் தெளிந்த நெகிழித் தாளும் கொண்டு ஒரு பெட்டி செய்தனர். வெப்பம் வெளியேறலாகாது என்று எண்ணி, இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டோம். இரண்டாம் நாள் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மிளகாய் வெந்ததேயன்றிக் காயவில்லை. நான்காம் நாள் பூஞ்சணம் பிடித்தது. பயிற்சிக் கல்லூரியில் ஆவியாதல் பற்றிப் பாடம் படித்த நானே அப்பிழையைச் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னர், கீழ்ப்புறம் காற்றுப் புகவும் மேற்புறம் வெளியேறவும் துளைகள் இட்டு, கொசுவலை கட்டினோம். மிளகாயின்மேல் நேர் வெயில் படாதவாறு கறுப்புத் தகரத்தை மேலே மறைப்பாக வைத்தோம். வெளியே 32 பாகை இருந்த நண்பகலில் உள்ளே 50 பாகை காட்டியது. மிளகாய் மூன்று நாளில் நிறம் மங்காமல் காய்ந்தது. பாயில் வைத்த மிளகாய் ஆறு நாளாகியும் முழுதும் காயவில்லை. காற்றோட்டம் இல்லாத வெப்பம் பயன்படாது என்பதை மாணவர் தம் கண்ணால் கண்டறிந்தனர்.

இப்பெட்டி எல்லாக் குறையும் தீர்க்கும் மருந்தன்று. தொடர்மழை நாளில் அது வெறும் பெட்டியே; அன்று விறகோ மின்விசிறியோ துணை வேண்டும். வெயில் பட்ட நெகிழித் தாள் விரைவில் நைந்துபோகும். விதைக்கென வைக்கும் நெல்லை 43 பாகைக்கு மேல் சூடேற்றினால் முளைக்கும் திறன் குன்றும். ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை செய்வோர் பெட்டிக்குச் செலவிடத் தயங்குவதும் இயல்பே. பலர் கூடி ஒன்றைப் பயன்படுத்தும் ஏற்பாடு இருந்தால் இக்குறை தீரும்.

இன்று இம்முயற்சி எதற்கு?

ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல கலைந்தன. மக்கள் நகர்ப்புறம் சென்றனர். காய்ந்த மிளகாய் கடையில் கிடைக்கும்போது உலர்த்துவானேன் என்று சிலர் கேட்கலாம். அம்மிளகாயிற் பெரும்பகுதி இறக்குமதியே என்பதை அவர்கள் எண்ணட்டும். பச்சை மிளகாய் மலிந்த வாரத்தில் விலை போகாமல் குப்பையில் கொட்டும் சிறு தோட்டக்காரரையும் அவர்கள் எண்ணட்டும். உலர்த்தத் தெரிந்தவர் விற்கும் நாளைத் தாமே தேர்ந்துகொள்வார். தெரியாதவர் வந்த விலைக்குக் கொடுப்பார்.

உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் பேரளவில் மடிந்தன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் எனப் பின்னர்க் கண்டறிந்தனர். அஃபிளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கல்லீரலில் புற்று உண்டாக்க வல்லது. அரைகுறையாகக் காய்ந்த கடலையிலும் மிளகாயிலும் கொப்பரையிலும் அது தோன்றக்கூடும். சமைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. பூத்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் பழைய பலகையும் போதும். பாயில் ஒரு பிடி மிளகாய், பெட்டியில் ஒரு பிடி மிளகாய் வைத்து, நாள்தோறும் நிறுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். அறிவியலும் கணக்கும் அங்கேயே நடக்கும். அதன்பின் பட்டினப்பாலைக் காட்சியைச் சொல்லுங்கள். பொற்குழையை எறிந்தவள் செல்வச் செருக்கால் மட்டும் எறியவில்லை, காய்கின்ற உணவு அவளுக்குப் பொன்னினும் பெரிது என்று உங்கள் மாணவருள் ஒருவராவது எழுந்து சொல்லக்கூடும். அவ்விளக்கம் உரைநூல்களில் இல்லையென்று அம்மாணவரைத் தடுத்துவிடாதீர்கள்.